இரண்டாவது வரி

பிலோமினா காலமான செய்தி எனக்குச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில், டிக்கெட் வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் பரிமாறும் கன்னியப்பன் பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "சார், நம்ம கம்ப்யூட்டர் அம்மா போயிட்டாங்க சார்" என்றார். "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். அவர் கையை மேலே காட்டினார். அப்போதுதான் புரிந்தது. அந்த அசட்டுக் கேள்வியை நினைத்து இன்னும் கூசுகிறேன்.

முப்பதாம் நாள் திருப்பலியில் கொடுக்கவிருக்கும் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய தம்பி அந்தோணி கேட்டார். "அக்காகூட அஞ்சு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவரு நீங்கதான் சார்" என்றார். மறுக்கத் தெரியாமல் சரி என்றேன். இதற்கு நான் தகுதியானவன்தானா என்பதை இதைப் படிக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரகடம் சாலையில் இருக்கும் எங்கள் வார்ப்புத் தொழிற்சாலையில் கணினி அறை வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள பிலோமினாவையும், ஆவணங்களுக்குப் பொறுப்பாக என்னையும் போட்டார்கள். ஒரு யூனிக்ஸ் கணினி, நான்கு திரைகள், டேப் ஓட்டும் ஒரு பெட்டி. தொழிலாளர்களின் வருகைப் பதிவு முழுவதும் அதில்தான். காகிதப் பதிவேட்டைத் தட்டச்சு செய்து முடித்ததும் பழைய தாள்களைக் கொதிகலனுக்கு அனுப்பிவிடுவோம். அது நிர்வாகத்தின் உத்தரவு. "டேப்பு நல்லா இருக்கிற வரைக்கும்தான் சார் இவங்கல்லாம் வேலைக்கு வந்தாங்கன்னு அர்த்தம்" என்று பிலோமினா சொல்வார். அதை வேடிக்கைப் பேச்சாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

கணினியோடு வந்த காப்பு நிரல், அதாவது பேக்கப் எடுக்கும் நிரல், டேப்பில் எழுதும். எழுதியது சரியா என்று ஒப்பிடாது. பெங்களூரில் கல்லூரி ஒன்றில் வேலை பார்த்த தோழியிடமிருந்து பிலோமினா வேறொரு நிரல் வாங்கிவந்தார். அதற்கு விலை கிடையாது. அதன் மூல எழுத்து, அதாவது நிரலை எழுதிய வரிகள், முழுவதும் கூடவே இருந்தது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மேலாளர் சிரித்தார். "ஓசியில வந்ததுக்கு என்னம்மா கேரண்டி?"

"காசு குடுத்து வாங்கினதுக்கு மட்டும் இன்னா கேரண்டி குடுத்தாங்க சார்? இதுல உள்ள இன்னா எழுதிக்கீதுன்னாவது படிச்சிப் பாக்கலாம்" என்றார் பிலோமினா. மேலாளரிடம் அப்படிப் பேசிய ஒரே ஆள் அவர்தான். நான் குனிந்து என் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

எனக்காக அவர் ஓர் அட்டையில் இரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தார். முதல் வரி, டேப்பில் எழுத. இரண்டாவது வரி, எழுதியதைத் திரும்பப் படித்து, கணினியின் வட்டில் இருப்பதோடு ஒப்பிட. இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். "அது ஒண்ணும் பேசாம முடிஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தம். எடுத்தது பேக்கப் இல்ல சார். திரும்பி வந்தாதான் பேக்கப்" என்றார். ஆனால் எங்கள் பேச்சில் பேக்கப் என்பது எப்போதும் 'எடுப்பது'தான். "எடுத்தாச்சா?" "எடுத்தாச்சு." பதிவேட்டிலும் அந்த ஒரு சொல்லைத்தான் எழுதுவோம். திரும்பி வந்ததா என்று கேட்க எங்களிடம் வழக்கமே இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூஜையன்று அறையில் மூத்தவன் என்ற முறையில் நான்தான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். டேப் பெட்டிக்கு வரும்போது மட்டும் பிலோமினா தன் கைக்குட்டையால் அதன் வாயை மூடிக்கொள்வார். "திரைக்கு எவ்ளோ வேணா வைங்க சார். இவனுக்கு மட்டும் வாணாம்." அவர் கிறிஸ்தவர், தான் கையாளும் பொருளில் பொட்டு வேண்டாம் என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன். கேட்டால் மனம் புண்படுமோ என்று பயந்து ஒருமுறைகூடக் காரணம் கேட்கவில்லை.

போன ஆண்டு ஆயுத பூஜைக்குச் சில நாட்கள் முன்பு அவருக்கு வயிற்றில் கட்டி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். பூஜையன்று அறையில் நான் தனியாக இருந்தேன். இத்தனை வருடம் பொட்டில்லாமல் இருந்த அந்தப் பெட்டியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, டேப் நுழையும் வாயின் மேலேயே மூன்று விரலால் சந்தனம் இழுத்தேன். நன்றாகக் குழைத்த, ஈரமான சந்தனம்.

அதன் பிறகு காப்பு எடுப்பது என் பொறுப்பு. முதல் வரியை ஓட்டுவேன். இரண்டாவது வரிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். ஒரே ஒரு நாள் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எல்லா நாளும் விட்டேன். பதிவேட்டில் அழகான கையெழுத்தில் 'எடுத்தாச்சு' என்று எழுதி, அடிக்கோடிட்டு, கையொப்பமிட்டேன். ஐந்து டேப்புகளும் முறை வைத்துச் சுழன்றன. பிலோமினா எடுத்துவைத்த நல்ல பதிவுகளின் மேல் என் பதிவுகள் ஏறின.

பொங்கலுக்கு முந்தின வாரம் கணினி அறை ஜன்னலுக்கு வந்து நின்றவர் ஏழுமலை. உலைக் கொட்டகையில் தற்காலிகத் தொழிலாளி. இரண்டு ஆண்டுக்குள் நானூற்றெண்பது நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் கேட்கலாம். மாதாமாதம் பிலோமினா அவருக்குக் கணக்கைப் படித்துச் சொல்வது வழக்கம். கம்ப்யூட்டர் அம்மா இல்லாததால் என்னிடம் கேட்டார்.

"சார், என் நாளு எவ்ளோ ஆச்சி?"

"நானூற்று எழுபத்தொன்று."

"அப்போ இன்னும் ஒம்போது! சார், சாமி மாரி சொன்னீங்க சார். பொண்டாட்டி இன்னாத்துக்குடா தெனம் எண்ணிக்கினு கீறன்னு திட்றா."

பொங்கல் முடிந்து அந்த வாரமே கணினியின் வட்டு கெட்டு, அதிலிருந்த பதிவெல்லாம் போனது. என் ஐந்து டேப்புகளில் ஒன்றும் படிக்கவில்லை. இரும்பு அலமாரியில் பிலோமினா விடுப்புக்கு முன் பூட்டிவைத்திருந்த ஒரு டேப் மட்டும் முழுமையாகத் திரும்பி வந்தது. அதில் ஏழுமலைக்கு முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு நாட்கள்.

விடுப்பு முடியாமலே பிலோமினாவை வரச் சொன்னார்கள். மெலிந்துபோயிருந்தார். நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, குச்சியில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, டேப்பைப் படிக்கும் 'ஹெட்' என்ற முனையைத் துடைத்தார். பஞ்சு மஞ்சளாக வந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினாறு நாட்கள் அந்த டேப்புகளோடு போராடினார். நிரலின் மூல எழுத்தைத் திறந்து, பிழை வந்தாலும் நிற்காமல் தாண்டிப் போகும்படி மாற்றிப் பார்த்தார். உடைந்த பெயர்கள் வந்தன. ஒருமுறை 'ஏழும' என்பது வரை வந்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு வெறும் குப்பை.

விசாரணையில் மேலாளர் கேட்டபோது பிலோமினா சொன்னார்: "ஹெட்டு அழுக்கா இருந்துச்சி சார். லீவுல போறதுக்கு முன்னாடி நான்தான் மூடிவெச்சிட்டுப் போயிருக்கணும்." சந்தனம் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. ஏழுமலை என் பக்கம் கையை நீட்டினார். "சாரே சொன்னாரு, நானூத்தி எழுவத்தொண்ணுன்னு. கேளுங்க." எனக்குச் சரியாக நினைவில்லை என்றேன். நினைவிருந்தது. ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன.

மறு வாரம், கணக்கில் முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள்தான் இருக்கிறது என்று சொல்லி, ஏழுமலையை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பிலோமினாவை வாயிற்காவலர் அறையில் லாரி எண் எழுத அனுப்பினார்கள். நான் பஸ்ஸில் போகும்போது அங்கிருந்து கையசைப்பார். ஒரு நாள் மட்டும் பஸ் ஜன்னலருகே வந்து, "சார், இப்பல்லாம் இரண்டாவது வரி ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். குத்தலாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தலையாட்டினேன். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு. கட்டி மீண்டும் வளர்ந்தது எனக்கு அப்போது தெரியாது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் ஏழுமலை ஒரு மாலையோடு நின்றிருந்தார்.

"இன்னா சார், நல்லா கீறீங்களா? நான் இப்போ இருங்காட்டுக்கோட்டை பக்கம் செங்கல் லோடு ஏத்திகினு கீறேன்" என்றார். பிறகு சவப்பெட்டியைப் பார்த்தபடி, "இந்தம்மா கைலதான் சார் என் நாளு போச்சி. ஆனா மாசாமாசம் ஜன்னலாண்ட கூப்ட்டு வெச்சி சொல்வாங்களே, அது மறக்கல. அதான் வந்தேன்."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது. அந்தோணி கூப்பிட்டார், "மண்ணு போட வாங்க சார்." போனேன். ஒரு கைப்பிடி போட்டேன். திரும்பிப் பார்த்தபோது ஏழுமலை போய்விட்டிருந்தார்.

அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். டேப் கெட்டது பிலோமினாவால் அல்ல, என்னால். அந்தோணி இதை அச்சிடாமல் விட்டாலும் குறை சொல்ல மாட்டேன். ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினாலும் அந்த எழுபத்தேழு நாட்களும் திரும்பி வரப்போவதில்லை. பிலோமினாவின் பெயரும் அவர் உயிரோடு இருந்தபோது சுத்தமாகவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, அவர் கையெழுத்தில் அந்த அட்டை. முதல் வரியின் மை என் விரல் பட்டுப்பட்டு மங்கியிருக்கிறது; இரண்டாவது வரி புதிதாக இருக்கிறது. மற்றது, குப்பையில் போடச் சொன்ன ஐந்து டேப்புகளில் ஒன்று. அதன் மேல் 'எடுத்தாச்சு' என்று நான் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் சந்தன வாசம் வரும் என்றே நினைக்கிறேன். திறந்து பார்த்ததில்லை.