மல்லாட்டை

சட்டம் முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். நான் தஞ்சாவூர்க்காரன். வக்கீல் வைக்க வசதியில்லாத கொலைக் கைதிக்காக வாதாடும்படி கோர்ட் எங்கள் சீனியரை நியமித்தது. வாக்குமூலம் எழுதிவர அவர் என்னை விழுப்புரம் சப்ஜெயிலுக்கு அனுப்பினார்.

கைதி கோலியனூர்க் கூலியாள். "அன்னிக்குச் சாயங்காலம் எங்கே இருந்தே?" என்று கேட்டேன்.

"மல்லாட்டைல இருந்தேன் சாமி."

மல்லாட்டம், அதாவது கைகலப்பு என்று நினைத்தேன். திரும்பக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சண்டையில் இருந்ததாக இங்கிலீஷில் எழுதிக் கைநாட்டு வாங்கினேன். சீனியர் அப்படியே தாக்கல் செய்தார்.

சொல்ல ஏதாவது உண்டா என்று ஜட்ஜ் கேட்டபோது அவன் என்னைக் கைகாட்டினான். "எல்லாம் அந்தச் சாமி எழுதிக்கினாருங்க."

தூக்கு. அப்பீலும் தள்ளுபடி.

தண்டனை நிறைவேறிய மறுவாரம் அவன் மனைவி ஆபீசுக்கு வந்து ஒரு துணி முடிச்சைக் கொடுத்தாள். "எங்களுக்காகப் பாடுபட்டீங்க சாமி."

முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். "நிலக்கடலையா?"

"நாங்க மல்லாட்டைன்னுவோம். அன்னிக்குச் சாயங்காலம் அவரு புடுங்கிக்கினு இருந்தாரே, அந்தக் கொல்லையில வெளஞ்சது."

அவள் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன்.

இன்று கட்சிக்காரர் எந்தச் சொல்லைச் சொன்னாலும், "அப்படின்னா என்ன?" என்று கேட்டுவிடுகிறேன். அவனிடம் கேட்கவில்லை.