செப்புக் குழாய்க்குள் கடலின் மூச்சு

தலைமன்னார்க் கடலில் இன்று காற்றே இல்லை. அந்தோனி அண்ணை வள்ளத்தின் எஞ்சினை நிறுத்துகிறார். ஓரிடத்தில் மட்டும் அடியிலிருந்து குமிழிகள் விடாமல் ஏறி வருகின்றன.

"இதில நாங்கள் வலை போடுறேல்லை. கடல் மூச்சு விடுற இடம்," என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறார்.

எரிமலை நாடுகளிலும் இதே கதைதான் சொல்வார்கள். ஆய்வுக்கு வந்த எனக்கு வேண்டியது குமிழியில் இருக்கும் ஹீலியம் வாயு. அதில் இரண்டு வகை உண்டு; எது எவ்வளவு என்று அளந்தால், பூமியின் ஆழத்திலிருந்து எவ்வளவு சூடு மேலே வருகிறதென்று கணிக்கலாம். குமிழிகளின் மேல் தண்ணீருக்குள் புனலைக் கவிழ்த்து, வாயுவைச் செப்புக் குழாயில் பிடித்து, இரு முனைகளையும் ஸ்பானரால் இறுக்கி மூடுகிறேன்.

குமிழிகள் நின்றுவிடுகின்றன.

காத்திருக்கிறோம். தண்ணீர் அசையவில்லை.

"தங்கச்சி, அதைத் திறந்து விடுங்கோ."

"திறந்தா வெளிக்காற்று கலந்திடும் அண்ணை. பிறகு ஒண்டுக்கும் உதவாது."

எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை அவர் தொடவில்லை. குழாயையே பார்க்கிறார்.

என் மடியில் குழாய் சூடாகிறது. வெயில்தான் என்று அதை என் நிழலுக்குள் தள்ளி வைக்கிறேன். சூடு இன்னும் ஏறுகிறது. என் கை ஸ்பானரைத் தேடுகிறது.