இரண்டு குறையும் கணக்கு

வாத்தியார் வேலையில் பொறுமைக்கு முன்னால் தீர்ந்துபோவது சிவப்பு மை. சாக்பீஸ் தூசியில் தும்மிய சக ஜீவன்களே, உங்களுக்குத் தெரியாததா! ஐம்பதுகளின் கடைசியில் தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் நான் டீச்சர்.

மக்கு பெஞ்சு

ஐந்தாம் வகுப்பில் கணக்கு வராத ஏழு பேருக்குக் காலையில் தனி வகுப்பு எடுக்கச் சொன்னார் ஹெட்மாஸ்டர். ஊரே அதற்கு மக்கு பெஞ்சு என்று பேர் வைத்துவிட்டது. அதில் பேச்சியம்மாள் என்றொரு பிள்ளை. கேள்வி கேட்டால் தலை நிமிராது, சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும்.

பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர ஒரு பரீட்சை உண்டு. அவள் அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

“தேறுனா படிக்கட்டும் டீச்சர். தேறலைன்னா லீவு முடிஞ்சதும் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்.”

அறுபத்து மூன்று

முப்பத்தெட்டும் இருபத்தேழும் கூட்டச் சொன்னேன். அறுபத்து மூன்று என்று எழுதினாள். நாற்பத்தாறும் இருபத்தொன்பதும்? எழுபத்து மூன்று. தப்பு, தப்பு என்று சுழித்துக்கொண்டே வந்த எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எல்லா விடையிலும் சரியாக இரண்டு குறைகிறதே! தப்புக்குக்கூட இம்புட்டு ஒழுங்கா!

எனக்குக் கை பரபரத்தது. எப்படிப் போட்டாய், வாய்விட்டுச் சொல் என்றேன். அடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய பிறகுதான் முணுமுணுத்தாள்:

“எட்டும் ஏழும் சேந்தா ஒரு கட்டு, மிச்சம் மூணு. கட்டை அங்கன ஏத்திட்டேன் டீச்சர்.”

எத்தனைக்கு ஒரு கட்டு?

அட கடவுளே! வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து தீப்பெட்டிக் கட்டுப் போடுகிற பிள்ளை. பன்னிரண்டு பெட்டி சேர்ந்தால் ஒரு கட்டு. ‘கட்டானதும் பக்கத்து இடத்துக்கு ஏற்று’ என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். பத்துக் குச்சிக்கு ஒரு கட்டு என்று நாங்கள் நினைத்தோம், அவள் கை வேறு கட்டை நினைத்தது.

நீ போட்டது தப்பே இல்லை தாயி, பள்ளிக்கூடக் கட்டில் ரெண்டு பெட்டி கம்மி, அம்புட்டுத்தான் என்றேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். பத்து நாளில் மற்ற ஆறு பேருக்கும் அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒருநாள் அவசரத்தில் ஐம்பத்தேழும் முப்பத்தாறும் எண்பத்து மூன்று என்று போர்டில் எழுதிவிட்டேன். பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்:

“டீச்சர், நீங்க கட்டை ஏத்தலையே.”

ரிசல்ட்

தேறிவிட்டாள்! மார்க் வந்த காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கே ஓடினேன். அப்பா தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கணக்கில் எவ்வளவு என்று கேட்டாள். அறுபத்து மூன்று என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டாள்:

“பத்துக் கட்டுல எண்ணுனாகளா, பன்னெண்டுக் கட்டுலயா டீச்சர்? நம்ம கட்டுன்னா எழுபத்தஞ்சு.”

அந்த மக்கு பெஞ்சில் கணக்கு விளங்காமல் இருந்தது மொத்தம் எட்டுப் பேர் என்பதும், எட்டாவது ஆள் கையில்தான் சிவப்பு மை இருந்தது என்பதும் எனக்கு விளங்க ஒரு வருஷப் படிப்புத் தேவைப்பட்டது.