புருஷன் வந்து சொன்ன முகவரி

தௌலத்துக்குக் கோபம் வந்தால், கடைசிப் பெட்டியில் அவள் போடும் சத்தம் முன்பெட்டியில் டிராம் ஓட்டும் எனக்குக் கேட்கும். அலெக்சாந்திரியாவின் ரம்ல் பாதையில் பல வருஷமாக நான் ஓட்டுநர், அவள் நடத்துநர். டிக்கெட் வாங்காமல் நழுவப் பார்க்கும் காலேஜ் பையன்களைப் பிடித்துக்கொண்டு, "இறங்குடா ராசா, கடல்ல நீந்திப் போ, அங்க டிக்கெட் கேக்க மாட்டாங்க" என்பாள். பெட்டி முழுக்கச் சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள். காசு கைக்கு வரும் வரை நகரவும் மாட்டாள்.

அவளுடைய அம்மா சிகரெட் ஆலையில் வேலை பார்த்தவள். கல்யாணமாவதற்கு முன்பே தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுதி இப்ராஹிமிய்யாப் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டைப் பிடித்தாள். தௌலத் பிறந்தது அங்கேதான். தமன்ஹூரில் கோழித்தீவனக் கடை வைத்திருந்த ஷஹாத்தாவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதும் அங்கிருந்துதான். திரும்பி வந்து சேர்ந்ததும் அங்கேதான்.

திரும்பி வந்த காரணம் சின்னது என்று ஷஹாத்தா சொல்வான். தமன்ஹூரிலிருந்து அவள் தினமும் ரயிலில் டிராம் வேலைக்கு வந்துபோனாள். "ஆம்பளைங்க இடிச்சுக்கிட்டு நிக்கிற வண்டியில என் பொண்டாட்டி டிக்கெட் கிழிக்கக் கூடாது" என்றானாம். மறுநாள் காலை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் அவள் அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. விவாகரத்து கேட்டு நீதிமன்றப் படியேற அவளுக்கு நேரமில்லை, அவனுக்கும் மனமில்லை. அவன் சில மாதத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். தௌலத்தின் அடையாள அட்டையில் மட்டும் ஷஹாத்தாவின் மனைவி என்றும், முகவரி தமன்ஹூர் என்றும் அப்படியே இருந்தது. "மாத்திடு" என்று நான் சொல்லியிருக்கிறேன். "அந்தாளு பேரை எழுதிக்கிட்டு இன்னொரு வரிசையில நிக்கணுமா உஸ்தா? போங்க, வேலையப் பாருங்க" என்பாள். ஓட்டுநர்களை எங்கள் ஊரில் உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒன்பது வருஷம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பைத் துவைத்து, ஊட்டிவிட்டுவிட்டு வேலைக்கு வருவாள். அந்த ஒன்பது வருஷமும் கீழ்வீட்டுக் கரீமானுக்கும் அவளுக்கும் வாரா வாரம் சண்டை. தௌலத் பால்கனியில் காயப்போட்ட விரிப்பிலிருந்து சொட்டும் தண்ணீர், கீழே கரீமான் காயப்போட்ட துணியில் விழும். ஒருத்தி மேலே பார்த்துக் கத்துவாள், மற்றவள் கீழே பார்த்துக் கத்துவாள். தெருவில் காதுள்ள எல்லாருக்கும் அது தெரியும்.

அம்மா ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனாள். துக்கத்துக்கு வந்தவர்களோடு கட்டடத்தின் புது உரிமையாளர் ஹாஜி ஸர்ஹானும் வந்து உட்கார்ந்தார். பழைய கட்டடங்களை வாங்கி, இடித்து, கோபுரம் கோபுரமாக அடுக்குமாடி எழுப்புகிறவர். குர்ஆன் ஓதி முடிந்ததும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்கம்மா நல்ல மனுஷி, தங்கச்சி. அல்லா அவங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். சாவிய எப்பத் தர்றே?"

"எந்தச் சாவி ஹாஜி?"

"இந்த வீட்டுச் சாவிதான். ஒப்பந்தம் உங்கம்மா பேர்ல. அவங்க போயிட்டாங்க. நீ இன்னொருத்தர் வீட்டுப் பொண்டாட்டி. கல்யாணமான பொம்பளைக்குப் புருஷன் இருக்கிற இடம்தானே வீடு?"

கூட இருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தௌலத் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். "வாசல் இங்க இருக்கு ஹாஜி. பார்த்துப் போங்க, படியில விளக்கில்ல. நீங்கதான் கழட்டிட்டீங்க."

அடுத்த வாரம் தண்ணீர் மேலேற்றும் மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு விழுந்தது. குழாயில் காற்றுதான் வந்தது. தௌலத் டிப்போவுக்கு வந்து, தண்டவாளத்தில் தடம் மாற்ற நாங்கள் வைத்திருக்கும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பக் கொண்டுவந்து வைத்தபோது அதன் முனையில் பூட்டின் மஞ்சள் பித்தளை ஒட்டியிருந்தது. "மோட்டார் ஓடுது" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு நீதிமன்ற அழைப்பு வந்தது. எங்கள் பழைய வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தக்காரர் சாகும் வரை அவரோடு அதே வீட்டில் குடியிருந்த பிள்ளைக்கு அந்த ஒப்பந்தம் தொடரும். குடியிருக்கவில்லை என்றால் வீடு உரிமையாளருக்கு. ஸர்ஹானின் வக்கீல் அவளுடைய அடையாள அட்டையின் நகலை நீட்டினார். முகவரி தமன்ஹூர். கணவன் உயிரோடு இருக்கிறான். முடிந்தது கதை என்பதுபோலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீதிபதி அவசரப்படவில்லை. இரு தரப்பும் சாட்சிகளைக் கொண்டுவாருங்கள் என்றார்.

சாட்சிக்கா பஞ்சம் என்று நினைத்தோம். அவள் அம்மாவுக்கு ஊசி போட வரும் மருந்துக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "என் கடையும் ஸர்ஹான் கட்டடத்துலதாம்மா இருக்கு" என்றார். முனையில் ரொட்டி விற்பவன் வருகிறேன் என்றான், வரவில்லை. கடைசியில் நான்தான் போனேன்.

"விடியுமுன்னே டிப்போவுக்குப் போற ஊழியர் வண்டி அந்தச் சந்து முனையிலதான் இவங்களை ஏத்திக்கும். ஒன்பது வருஷமா நானும் அதே வண்டியில போறேன். மாடியில அவங்கம்மாவுக்கு விளக்குப் போட்டுட்டு இறங்கி வருவாங்க" என்றேன்.

ஸர்ஹானின் வக்கீல் மெதுவாக எழுந்தார். "உஸ்தா பய்யூமி, இன்னொருத்தர் மனைவி எந்த வீட்டில் படுத்து எழுந்திருக்கிறாள் என்பதை இவ்வளவு அக்கறையாக ஒன்பது வருஷம் கவனித்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்காரிக்கு இது தெரியுமா?"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். என் காது பற்றி எரிந்தது. என்ன சொன்னாலும் அது அவள் மேல்தான் போய் விழும் என்று புரிந்து கூண்டை விட்டு இறங்கினேன். உண்மையைச் சொன்னதற்கு வெட்கப்பட வைத்துவிட்டார் அந்த மனிதர்.

அடுத்து கரீமான் வந்தாள். புதுக் கோபுரத்தில் அவளுக்கு ஒரு வீடு என்று ஸர்ஹான் வாக்குக் கொடுத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள்.

"இவங்கம்மா தனியாத்தான் இருந்தாங்க ஐயா. இவ பெருநாளுக்கு வருவா. ஒரு டப்பா பிஸ்கோத்து குடுப்பா. சாயங்காலமே போயிடுவா."

"கரீமான்!" தௌலத்தின் குரலில் கூரையின் மின்விசிறியே நின்றுவிட்டதுபோல் இருந்தது. "விரிப்பு சொட்டுது, விரிப்பு சொட்டுதுன்னு பால்கனியில நின்னு என் ஏழு தலைமுறையையும் திட்டுனியே, அது யாரைடி? பேயையா? பெருநாளுக்கு வர்றவளோட எவளாவது வாரா வாரம் சண்டை போடுவாளா? என் அம்மாவைக் குளிப்பாட்டி அனுப்பும்போது வெந்நீர் கொண்டாந்தவ நீதானே! அந்தக் கையைத் தூக்கியா சத்தியம் பண்றே?"

நீதிபதி மேசையைத் தட்டினார். இன்னொரு முறை பேசினால் வெளியே அனுப்பிவிடுவதாக எச்சரித்தார். கரீமான் தன் தலைத்துணியின் முனையைப் பிசைந்துகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்ன சொல்லை மட்டும் திரும்பப் பெறவில்லை.

வெளியே வந்ததும் தௌலத்தின் வக்கீல், சின்ன வயசுப் பெண், தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அக்கா, கோபப்படாதீங்க. நீங்க தமன்ஹூர்ல இல்லைங்கிறதை ஒருத்தர் சொன்னா யாரும் மறுக்க முடியாது. உங்க வீட்டுக்காரர்."

இரண்டு நாள் தௌலத் டிக்கெட்டைக் கிழிக்கிற கிழியில் பயணிகள் பயந்தார்கள். மூன்றாம் நாள், "உஸ்தா, வெள்ளிக்கிழமை லீவுதானே? என்கூட வாங்க. தனியாப் போனா அந்தாளைக் கொன்னுடுவேன்" என்றாள்.

ஷஹாத்தா தீவன மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் தராசைத் துடைக்க ஆரம்பித்தான்.

"என்ன, வழி தெரியாம வந்துட்டியா?"

"வழி தெரியும். திரும்பிப் போகவும் தெரியும். கோர்ட்டுக்கு வந்து, நான் உன் வீட்டை விட்டு எப்பப் போனேன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"என் பொண்டாட்டி என்னை விட்டுட்டு ஓடிட்டான்னு நீதிபதி முன்னாடி நின்னு நானே சொல்லணும், அப்படித்தானே?"

"ஓடலை. பெட்டியத் தூக்கிக்கிட்டு நடந்துதான் போனேன். நீ இதே இடத்துல உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தே."

அவன் முகம் கறுத்தது. "எனக்கும் மரியாதை இருக்கு தௌலத். போன வாரம் ஹாஜி ஸர்ஹானோட ஆளு வந்தாரு. மரியாதையாப் பேசினாரு. நீ போன வருஷம் வரைக்கும் இங்கதான் என்னோட இருந்தேன்னு ஒரு வார்த்தை நான் சொன்னா…"

கடைக்குப் பின்னாலிருந்த திரை விலகியது. மாவு அப்பிய கையோடு அவனுடைய இரண்டாம் மனைவி ரஸ்மிய்யா நின்றாள்.

"சொன்னா? போன வருஷம் வரைக்கும் இவங்க இங்க இருந்தாங்கன்னு சொல்லப் போறியா? அப்ப நான் யாரு? கோழியா?"

"நீ உள்ள போ, இது கோர்ட்டு விஷயம்…"

"என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்ப எங்கப்பாகிட்ட என்ன சொன்னே? முதல் பொண்டாட்டி போயிட்டா, வீடு காலியாக் கெடக்குன்னு சொன்னே. இப்ப கோர்ட்டுல மாத்திச் சொன்னா எங்க அண்ணன்மாரு என்னைத்தான் கேப்பாங்க, இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா இருந்தீங்கன்னு. சொல்லிப் பாரு. இந்தக் கடையில ஒரு மூட்டை மிஞ்சாது."

அவன் மறுபடி தராசை எடுத்துத் துடைத்தான். ரஸ்மிய்யா தௌலத்தைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தாள். "தேதியச் சொல்லுங்கக்கா. நானே இழுத்துட்டு வரேன். டீ குடிக்கிறீங்களா?"

"வேணாம்மா" என்றாள் தௌலத். முதல் தடவையாக அவள் குரல் தாழ்ந்து கேட்டேன்.

ரஸ்மிய்யா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். விசாரணை நாளன்று ஷஹாத்தாவை முன்னால் நடக்கவிட்டு, நீதிமன்றக் கதவுக்கு வெளியே காவல் மாதிரி நின்றுகொண்டாள். அவன் கூண்டில் ஏறி இருமினான்.

"டிராம் வேலைய விடுன்னேன் ஐயா. விடல. அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் ஒரு ராத்திரி கூட என் வீட்டுல தங்கல. ஒருக்கா கூப்பிடப் போனேன். மூணாம் மாடியிலேருந்து வாளித் தண்ணிய என் தலையில ஊத்துனா. தெருவே பார்த்துச்சு."

நீதிபதி ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். ஸர்ஹானின் வக்கீலுக்குக் கேட்க ஒரு கேள்வியும் இல்லை. தன் மனைவி தன்னோடு இல்லை என்று ஒரு கணவனே சொல்லும்போது, இல்லை, இருந்தாள் என்று யார் வாதிட முடியும்?

வெளியேற்ற வழக்குத் தள்ளுபடி ஆனது. ஒப்பந்தம் மகளுக்குத் தொடரும் என்று தீர்ப்பு. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. தீர்ப்பன்று நான் ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்பு வாங்கிக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். ஓட்டுநர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். தௌலத் தொடவில்லை.

"ஜெயிச்சிட்டோமே, அப்புறமென்ன?" என்றேன்.

"யார் ஜெயிச்சா?" அவள் கண்கள் சிவந்திருந்தன. "நான் சொன்னேன், நம்பல. நீங்க சொன்னீங்க, அசிங்கமாச் சிரிச்சாங்க. அந்தச் சுவத்துல என் கை படாத இடம் கிடையாது உஸ்தா. எங்கம்மா உயிர் என் மடியிலதான் போச்சு. அதெல்லாம் சாட்சி இல்லையாம். ஒரு தீவனக்கடைக்காரன் வந்து, இவ என்கிட்ட இல்லைன்னு சொன்னான், உடனே எழுதிக்கிட்டாங்க. நான் என்ன, அவன் கடையிலேருந்து காணாமப் போன மூட்டையா?"

அவள் கேட்டதை நினைக்கும்போதெல்லாம் அந்த வக்கீல் கண்ணாடி துடைத்த விதம்தான் கண்முன் வருகிறது.

தௌலத் நகராததால் ஸர்ஹானால் இடிக்க முடியவில்லை. அவரை நம்பித் தன் வீட்டைக் காலி செய்துகொடுத்த கரீமான் ஊருக்கு வெளியே ஒற்றை அறையில் இருக்கிறாள். ஒருநாள் எங்கள் டிராமில் ஏறினாள். "தௌலத், அன்னைக்கு என் நிலைமை…" என்று ஆரம்பித்தாளாம். தௌலத் டிக்கெட்டைக் கிழித்து, சில்லறையை எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்து, அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடக் கரீமானுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது பழைய வாடகை ஒப்பந்தங்களையே முடித்துவைக்கும் புதுச் சட்டம் வந்திருக்கிறது. சில வருஷம் கெடு. அதற்குப் பிறகு இரண்டு கோர்ட்டில் ஜெயித்தவளும் தோற்றவளும் ஒன்றுதான். செய்தி வந்த வாரம், அவளைப் பார்த்து ஆறுதல் சொல்லலாமென்று வீட்டுக்குப் போனேன். சமையலறை விட்டத்தில் சாரம் கட்டியிருந்தது. கொத்தனார் ஒருவர் பழைய பூச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"காலி பண்ணச் சொல்லிட்டாங்க, இப்பப் போயா செலவு பண்றே?" என்றேன்.

"காலி பண்ணச் சொன்னது அவங்க. நான் பண்றேன்னு சொன்னேனா?" என்றவள் சாரத்தை அண்ணாந்து பார்த்தாள். "மேஸ்திரி! அந்த மூலைய யாரு பூசுவா, உங்க மாமியாரா? ஒழுங்காப் பூசுங்க, நான் இங்க ரொம்ப நாள் இருக்கப் போறேன்."