காசியம்மாள் மூடிய முதல் இலை

பாப்பாரப்பட்டிப் பக்கம் கல்யாணச் சமையல் என்றால் காசியம்மாள்தான். பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய சந்தேகம். சீல் வைத்த எண்ணெய் டின்னைக்கூடத் திறந்து மோந்து பார்க்காமல் வாங்கமாட்டாள்.

முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. எடை குறைந்தால்தான் தாங்கும் என்று தருமபுரி டாக்டரம்மா வாரம் ஒரு ஊசி எழுதிக் கொடுத்தார். குடலில் சுரக்கிற ஹார்மோனைப் போலச் செய்த மருந்து. வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லுமாம்.

"நெறையாமயே நெறைஞ்சிடுச்சின்னு சொல்லுமா? அப்ப பொய் சொல்ற ஊசிங்களா?" என்றாள்.

கூட வந்த மகன் அருண்குமார் தலையில் அடித்துக்கொண்டான். "போட்டுக்கம்மா, சும்மா."

"மருந்து விக்கறவனுக்கு என் முட்டி மேல என்னடா அக்கற?"

ஆனாலும் போட்டுக்கொண்டாள். வெளியே மூச்சுவிடவில்லை. பசியில்லாத சமையல்காரியை எவன் கூப்பிடுவான்?

அவள் சமைக்கிற இடத்தில் முதல் இலை அவளுக்கு. அவள் வயிறார உண்டு எழுந்த பிறகுதான் பந்தி. பெருமைக்காக அவளே வைத்துக்கொண்ட வழக்கம். அது ஆவணி முகூர்த்தம் ஒன்றில் அவள் கழுத்துக்கே கத்தியாய் வந்தது. மூன்று வாய் கத்தரிக்காய்க் குழம்புச் சோற்றோடு தொண்டை அடைத்தது. இலையை மூடினாள்.

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் மாயவன் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, ஆக்குனவங்களே திங்கல? பல்லி கில்லி வுழுந்துச்சா?"

பந்திக்கு நின்ற கூட்டம் திரும்பிப் பார்த்தது. கூடமாட வேலை செய்யும் கலைமதி குனிந்து, "இன்னும் ரெண்டு வாய் அள்ளிப் போடுங்கக்கா, மானம் போவுது" என்றாள். காசியம்மாளுக்குக் குமட்டியது. இங்கே வாந்தி எடுத்தால் இனி எந்த மண்டபத்திலும் கரண்டி பிடிக்க முடியாது.

"மாயவா, ஒடம்பு எளைக்க ஊசி போடறேன். சோறு எறங்கல. சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்ல."

"சோறு எறங்காம இருக்க ஊசியா? யாருகிட்ட கத வுடறீங்க?"

"அப்ப நீ உக்காரு. நீ தின்னு முடிக்கற வரைக்கும் இங்கயே நிக்கறேன். ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா செருப்பக் கழட்டு."

மாயவன் உட்கார்ந்தான். முதல் வாயை முறைத்துக்கொண்டே மென்றான். நாலாவது வாயில் முறைப்பு போய்விட்டது. ரசத்துக்குக் கை நீட்டியவன், பரிமாறுகிறவர்களைப் பார்த்து, "என்னத்தப் பாக்கறீங்க, எலையப் போடுங்க" என்றான்.

பந்தி முடிந்ததும் அவன் மனைவி கொல்லைப்பக்கம் வந்தாள்.

"அந்த ஊசி எனக்கும் சொல்லி வுடுங்கக்கா."

"டாக்டரப் போயி கேளு. எனக்கே அது மேல நம்பிக்கை இல்ல."

"அப்பறம் ஏன் போடறீங்க?"

காசியம்மாள் அடுப்புப் பக்கம் பார்த்தாள். முட்டி வலிக்கு வழக்கமாக அவள் உட்கார்ந்து கிளறுகிற ஸ்டூல் மேல் காலையில் யாரோ இறக்கிய வெங்காய மூட்டை அப்படியே கிடந்தது.

"இன்னிக்கு நின்னுட்டே ஆக்கிட்டேன்டி," என்றாள். "அடுத்த வாரமும் போட்டுப் பாக்கறேன்."