நூறு சதம் அடிச்ச மனுசன்

லண்டன் கிரிக்கெட் மியூசியத்தில கைட் வேலை எண்டா, செத்துப்போன ஒராளைக் காப்பாத்தச் சொல்லி உயிரோட இருக்கிற ஆக்களிட்டக் கெஞ்சுறதுதான். அடுத்த டூருக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு, அதுக்குள்ள டைப் பண்ணுறன். கஸ்டமரோட மாரடிக்கிற உங்கள் எல்லாருக்கும் இது விளங்கும்.

என்ர ஆள் ரெண்டு உலக யுத்தத்துக்கும் இடையில விளையாடின இங்கிலாந்துக்காரர். ஐயோ, என்ன அடி! அவரின்ர பேட்டும் தொப்பியும் ஒரு கண்ணாடி அலுமாரிக்குள்ள இருக்கு. ஒருத்தரும் அதில நிண்டு பாக்கிறேல்லையாம். தமிழ் தெரியாத எங்கட மேனேஜர் அம்மா சொல்லிப்போட்டா, மாசக் கடைசிக்குள்ள சனம் நிக்காட்டி அலுமாரி ஸ்டோருக்குப் போகுமாம். எனக்கு மிச்சம் இருந்தது சனிக்கிழமைத் தமிழ் டூர் மட்டுந்தான்.

சில்லறை

நோர்பரியில இருந்து ஒரு அங்கிள் மழைக்கு ஒதுங்கி வந்து டூரில சேந்தவர். "இவர் நூறு சதம் அடிச்சவர்!" எண்டு கத்தினன். நான் லண்டனில பிறந்தனான், தமிழ் கொமன்ட்ரி கேட்டுத்தான் செஞ்சரிக்குச் சதம் எண்டு பழகினனான். ஊரில, இலங்கையில, சில்லறைக் காசும் சதம்தான் எண்டு எனக்கு ஆர் சொன்னது? அங்கிள் அலுமாரியை மேலயும் கீழயும் பாத்தார்.

"நூறு சதம் எண்டா ஒரு ரூபாதானே பிள்ளை, அதுக்கோ இவ்வளவு பெரிய பெட்டி?"

ரெண்டு கேற்

அந்தக் காலத்தில சம்பளத்துக்கு விளையாடினவை ஒரு கேற்றாலயும், பணக்கார ஆக்கள் வேற கேற்றாலயும்தான் கிரவுண்டுக்குள்ள இறங்குவினம். ஒரே டீம்! இவர் சம்பளக்காரர். இதை நான் எப்பவும் உருக்கமாத்தான் சொல்லுறனான். டூட்டிங்கில இருந்து வந்த அன்ரி ஒராள் அலுமாரிக் கண்ணாடியையே உத்துப் பாத்துக்கொண்டு நிண்டா. அப்பாடா, ஒராள் அம்பிட்டிட்டா எண்டு இன்னும் உருக்கமாச் சொன்னன்.

"பிள்ளை, பொட்டு நேராவோ இருக்கு?"

இருபது ஓவர்

ஐ.டி.யில வேலை செய்யிற சென்னை அண்ணா ஒருத்தர் ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு கேள்வி மேல கேள்வி. ஹெல்மெட் இல்லாம விளையாடினவர் எண்டன். மழையில ஊறின பிட்ச் எண்டன். இருபது ஓவர் மேட்ச்ல எவ்வளவு அடிச்சார் எண்டு கேட்டார். அப்ப இருபது ஓவர் மேட்சே இல்லை எண்டன்.

"அப்புறம் எப்படிங்க ஃபேமஸ் ஆனாரு?"

கடைசிச் சனி

அலுமாரியைக் கழட்ட மேனேஜர் அளவு நாடாவோட வந்து நிக்கிறா. அப்ப பாத்து, அதே நோர்பரி அங்கிள் வான் நிறையச் சொந்தக்காரரோட உள்ள வாறார். "எங்க அந்த ஒரு ரூபாக்காரன்? எல்லாரும் கிட்ட வாங்கோ! பிள்ளை, நீர் சும்மா இரும், நான் சொல்லுறன்." சொன்னதில பாதி பிழை. ஆனா ஒருத்தரும் அசையேல்லை, "ஒரு ரூபா, ஒரு ரூபா" எண்டு சிரிச்சுச் சிரிச்சுப் பேட்டைப் படம் எடுக்கினம். மேனேஜர் நாடாவைச் சுருட்டிப்போட்டு என்ர காதுக்குள்ள இங்கிலீசில கேட்டா:

"சரி, அலுமாரி இருக்கட்டும், அதென்ன ‘ஒரு ரூபா’, அவரின்ர பட்டப்பெயரோ, லேபிளில போடுவமா?"

ரெண்டு வருசமா அந்த மனுசனைப் பற்றிக் கிடைச்சதெல்லாம் வாசிச்சு வாய் கிழியக் கத்தினது நான், கடைசியில அவரைக் காப்பாத்தினது நான் தெரியாத்தனமா விட்ட ஒரு சொல்லு.