அண்ணியின் தேர்வும் எங்கள் கிரகணமும்

இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று எக்ஸ்ரே கதிர்களை உமிழ்கிறது; மற்றது குறுக்கே வந்து அதை மறைக்கிறது. அதுதான் கிரகணம். செயற்கைக்கோள் பதிவு செய்த பழைய தரவை வைத்து அடுத்த மறைப்பு எப்போது என்று நானும் தோழியும் கணித்துச் சொல்ல வேண்டும். வாத்தியார் புதிய தரவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நாமக்கல் கல்லூரியில் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் என்று எங்களுக்கு வாய்த்தது இது. பாதி நாள் தலையும் புரியாது, வாலும் புரியாது.

ஒருவழியாக ஒரு விடை வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அன்று சாப்பிடும்போது பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். "சனிக்கிழமை காலைல பத்தரைக்குக் கிரகணம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணிக்கு அப்போது ஏழு மாதம். அதே காலையில் ஓமலூரில் அவளுக்கு ஆசிரியர் வேலைக்கான தேர்வு. இதை விட்டால் வயது தாண்டிவிடும், வேறு வாய்ப்பே இல்லை.

"மாசமா இருக்கறவ கெரகணத்துல வாசப்படி தாண்டக் கூடாது" என்றாள் அம்மா.

"இது சூரியனுமில்லீங்கம்மா, நிலாவுமில்ல. எங்கியோ இருக்கற நட்சத்திரம். கண்ணுக்கே தெரியாது."

"தெரியற கெரகணத்துக்கே ஊட்டுக்குள்ள உக்காந்துக்கறோம். தெரியாதது வந்தா எப்படி சாமி ஒதுங்கறது?"

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா வந்துட்டேதான் இருக்குது" என்றேன்.

"அப்ப நேத்தும் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாத்திரம் கழுவும்போது அண்ணி மெல்லச் சொன்னாள். "பரீட்சை முடிஞ்ச பொறவுதான் வருதுன்னு மாத்திச் சொல்லிரு பாப்பா. நீ சொன்னா அத்தை நம்புவாங்க."

நம்புவாள்தான். அதுவே என்னைக் குழப்பியது. அம்மாவிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை, அண்ணியை அப்படியே விடவும் மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை தோழி போன் செய்தாள். "நம்ம கணக்கு மொத்தமும் போச்சுடி. பூமி மறைச்சதையெல்லாம் கிரகணம்னு எண்ணிட்டோம்." செயற்கைக்கோள் பூமியைச் சுற்றுகிறது, சுற்றும்போது பூமியே அதன் பார்வைக்குக் குறுக்கே வந்துவிடும். அதைக் கழிக்க மறந்திருக்கிறோம்.

அம்மா முன்னால் போய் நின்றேன். "கணக்குத் தப்புங்கம்மா. எப்ப வரும்னு எங்களுக்கே தெரியல."

"நேரந் தெரியாத கெரகணத்துக்கு என்னத்தப் பாக்கறது? அவ போய் எழுதிட்டு வரட்டும்."

மகிழ்வதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அம்மாவே போய் அண்ணியைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மறுபடி கணக்குப் போடுவியா?"

"போட்டுத்தானுங்களே ஆகோணும்."

"போடு. சரியா வந்தா உங்க வாத்தியார்கிட்டச் சொல்லு. புள்ள பொறக்கற வரைக்கும் எங்கிட்ட மட்டும் சொல்லாத சாமி. சொன்னா நான் அவளத் தடுத்துருவேன்."